நீலிக்கு ஒரு மருத்துவர்

எங்கள் வட்டாரத்தில் பறவைக்கு வைத்தியம் என்றால் கோழிக்கு வைத்தியம். மாட்டாஸ்பத்திரிக்கு மடி வீங்கிய பசு வரும், வயிறு உப்பிய ஆடு வரும், மாசி பிறந்தால் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட நாட்டுக்கோழிகள் கூடை கூடையாக வரும். கூண்டுப் பறவை வராது. லவ் பேர்ட்ஸ் ஒன்று செத்தால் கடைக்குப் போய் ஜோடிக்கு இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். டாக்டர் ஃபீஸை விட அது மலிவு. வந்தவாசிப் பக்கத்து வழக்கம் மட்டும் இல்லை இது, பெரிய ஊர்களிலும் பலர் போடுகிற கணக்குதான்.

நான் சமண நயினார் வீட்டில் பிறந்து நயினார் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பேத்தி வெளிநாடு போனபோது விட்டுப்போன காக்டெயில் பறவை என் பொறுப்பில் இருக்கிறது. சாம்பல் உடம்பு, மங்கிய மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. பேத்தி வைத்த பெயர் கோகோ. எதைச் சொன்னாலும் எதிர்த்து வழக்காடுகிற குணத்தைப் பார்த்து, எங்கள் காப்பிய நாயகியின் பெயரால் நீலகேசி என்று மாற்றினேன், அது நீலி ஆயிற்று. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள் எங்கள் வீட்டில் இரண்டே பேர், நானும் அவளும். நான் நோன்பாகச் செய்வதை அவள் பிறவிக் குணமாகச் செய்கிறாள், என்னைவிட ஒழுங்காக.

பறவைக்கு நல்ல மருத்துவர் யார் என்று இப்போது என்னிடமும் சிலர் கேட்கிறார்கள். விலாசம் சொல்லிவிடலாம். ஆனால் யாருக்கு நல்லவர் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. மனிதனுக்கு நோய் வந்தால் வலிப்பதும் அவனுக்கு, காசு கொடுப்பதும் அவன், போதும் நிறுத்துங்கள் என்று சொல்வதும் அவன். பறவைக்கு வலி மட்டும்தான் சொந்தம். காசும் முடிவும் என் கையில். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கொடுப்பவர். வகுப்பில் எத்தனையோ ஆண்டு அந்த அதிகாரத்தை நடத்தியிருக்கிறேன். அந்த நான்கில் கூண்டின் சாவியை வைத்திருப்பவருக்கு இடமில்லை என்பது நீலி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நீலி ஒரு நாள் கூண்டுத் தரையில் முட்டை இட்டிருந்தாள். ஆண் துணை கிடையாது. பெட்டைக்கோழியைப் போலவே இந்தப் பறவையும் சேவல் இல்லாமலே முட்டையிடும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. நான் முட்டையைப் பார்க்காதவள் இல்லை. பள்ளியில் சத்துணவு முட்டை வரும். முட்டை தின்னாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு, அந்த வரிசையில் எங்கள் சமூகத்துப் பிள்ளைகள் நிற்பார்கள். ஆனால் வீட்டுக்குள் முட்டை வந்தது அன்றுதான். கொழுந்தனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "அண்ணி, முதல்ல அதை எடுத்து வெளிய போடுங்க" என்றார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த இளம்பெண். "எடுத்துடாதீங்க டீச்சர். எடுத்தீங்கன்னா குறையுதேன்னு இன்னும் இடும். நாலோ அஞ்சோ சேர்ந்தாத்தான் உட்காரும். இட்டுக்கிட்டே இருந்தா எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் ஓட்டுக்குப் போயிடும். அப்படியே விடுங்க, இல்லன்னா அதே அளவுல மர முட்டை செஞ்சு வைங்க. மூணு வாரம் அடைகாத்துப் பாத்துட்டு அதுவே இறங்கிடும்." பிறகு, நான் கேட்காமலே, ஒன்று சொன்னார். "நான் படிச்சது மாடு, ஆடு, கோழி. கோழின்னாலும் பண்ணைக்கு வைத்தியம். பத்தாயிரம் கோழியில நாலு செத்தா, அந்த நாலையும் அறுத்துப் பாத்து மிச்சத்தைக் காப்பாத்துவோம். ஒத்தைப் பறவைக்கு வைத்தியம் வேற படிப்பு. எனக்கு அது கொஞ்சம்தான் தெரியும்."

தனக்குத் தெரிந்தது எங்கே முடிகிறது என்று அவ்வளவு சுலபமாகச் சொன்ன மருத்துவரை மனிதர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் நான் அதிகம் கண்டதில்லை. பண்ணை வைத்தியம் தாழ்வானது என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் பறவை உடம்பைப் பற்றிய அறிவு பெரும்பாலும் நாமக்கல்லில்தான் திரண்டிருக்கிறது. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை அங்கிருந்து போகிறது. ஆனால் அங்கே உயிர் என்பது மந்தையின் உயிர். ஒரு கோழிக்குக் கொடுக்கிற மருந்து அந்தக் கோழியின் விலையைத் தாண்டக் கூடாது. எங்கள் சமயமோ நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. ஒவ்வொரு உயிரும் தனித்தனி, எண்ணிக்கையில் கரையாது, ஒன்றின் வினையை இன்னொன்று சுமக்காது. நீலிக்கு மருத்துவர் தேடும்போது இந்த இரண்டில் எந்தப் பக்கத்து ஆள் வேண்டும் என்று நான் தீர்மானித்தாக வேண்டியிருந்தது.

மர முட்டை எங்கள் தெருத் தச்சர் கடைந்து கொடுத்தார். அதைக் கூண்டில் வைக்கக் கை நீண்டபோது யசோதர காவியம் நினைவுக்கு வந்தது. நாங்களெல்லாம் சிறு வயதில் கேட்டு அஞ்சிய கதை. தாய் சந்திரமதி வற்புறுத்த, யசோதரன் மாவினால் செய்த கோழியைத் தேவிக்குப் பலியிடுகிறான். வெட்டுப்பட்டது வெறும் மாவு. ஆனாலும் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கி விலங்குப் பிறவிகளில் விழுந்து எழுந்து, ஒரு பிறவியில் கோழிகளாகவே பிறக்கிறார்கள். கொல்லும் எண்ணமே கொலைதான் என்பது அந்தக் காவியத்தின் நெஞ்சம். மாவுக்கோழியை வெட்டினவனுக்கு அத்தனை பிறவி என்றால் மர முட்டையைக் காட்டி ஒரு தாயை ஏமாற்றுகிறவளுக்கு எத்தனை? சிரிக்காதீர்கள், வாய்மை நோன்பு எடுத்தவளுக்கு இது சிரிப்பு இல்லை. எங்கள் ஆசாரியர் அமிர்தசந்திரர் தமது புருஷார்த்த சித்தியுபாயத்தில் பொய், களவு முதலான பாவங்களையெல்லாம் இம்சையின் கிளைகளாகவே காட்டுகிறார். அப்படியானால் உயிரைக் காக்கிற பொய் எந்தக் கிளையில் நிற்கிறது? நான் முட்டையை வைத்துவிட்டேன். நீலி அதை மூக்கால் உருட்டிப் பார்த்துவிட்டு வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த பருவத்தில் முட்டை உள்ளேயே நின்றுவிட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் நோயுற்றதாகத் தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் எடுக்கும், ஆகவே கடைசி மட்டும் ஒன்றும் இல்லாததுபோலத் தின்னும், கத்தும். தரைக்கு இறங்கிவிட்டதென்றால் மறைக்கத் தெம்பில்லை என்று பொருள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து, பக்கத்தில் குண்டு பல்பைப் போட்டுச் சூடு கொடுத்தார். "ஊசி போட்டுப் பாக்கலாம் டீச்சர். ஆனா முட்டை உள்ளயே உடைஞ்சா என்னால ஆகாது. சென்னைக்குப் போயிடுங்க." தன் வகுப்புத் தோழி வழியாக ஒருவரின் எண்ணையும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த மருத்துவர் மாலையில்தான் வருவார் என்றதால் முதலில் வேறொரு இடத்துக்குப் போனோம். கூடம் முழுக்க நாய்கள். நீலியின் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி லாப்ரடார் ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டதும் மருத்துவர் பெட்டிக்குள் கையைவிட்டு அவளை மார்போடு சேர்த்துப் பிடித்தார். பறவைக்கு நமக்கிருப்பதுபோல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். மார்பை இறுக்கிப் பிடித்தால் மூக்கு திறந்திருந்தும் மூச்சு முட்டும். நீலியின் வாய் திறந்தது. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் கெட்டவர் இல்லை, அன்று காலையிலிருந்து இருபது முப்பது நாய்களைப் பார்த்திருப்பார். அந்த வேகத்திலேயே பறவைக்கும் கை போயிற்று.

மாலையில் பார்த்தவர் முதலில் பெட்டியைத் தொடவே இல்லை. அறைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து அவள் மூச்சுவிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூண்டுக்கடியில் விரித்த தாள் எங்கே என்று கேட்டார். நல்லவேளை, தூக்கி எறிய வேண்டாம் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். பறவையின் எச்சம் மூன்று பகுதி: பச்சையாகவோ பழுப்பாகவோ மலம், வெள்ளையாக உப்பு, சுற்றிலும் நீர். எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பதில் குடலும் சிறுநீரகமும் கல்லீரலும் பேசும். அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். பின்பு கிராம் காட்டுகிற சிறு தராசு. 90 கிராம் எடையுள்ள பறவையில் 10 கிராம் குறைந்தால் அது நமக்கு ஆறேழு கிலோ குறைவதற்குச் சமம், ஆகையால் தராசு இல்லாத பறவை வைத்தியர் வைத்தியரே இல்லை என்பது என் கட்சி. கடைசியில்தான் துவாலையைப் போர்த்திக் கழுத்தை இரு விரலால் தாங்கி, மார்பை விட்டுவிட்டுப் பிடித்தார். கால்சியம் ஊசி, நீர்ச்சத்து, வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள கண்ணாடிப் பெட்டி. இரவில் முட்டை வெளியே வந்தது. ஓடு தோல்போல மெத்தென்றிருந்தது.

இரண்டு மருத்துவருக்கும் நோக்கம் ஒன்றுதான், நீலி பிழைக்க வேண்டும். வேறுபாட்டை எங்கள் தத்துவார்த்த சூத்திரம் எனக்குச் சொன்னது. இம்சை எது என்று அந்நூல் வரையறுக்கும்போது உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதுதான் இம்சை என்கிறது. பிரமாதம் என்றால் கவனம் தவறிய நிலை, உணர்ச்சியோ அசட்டையோ ஆளுகிற நிலை. திகம்பர முனிவர்கள் மயில் தானாக உதிர்த்த பீலியைக் கையில் வைத்திருப்பதும், உட்காரும் இடத்தை முதலில் மெல்லக் கூட்டுவதும் அதனால்தான். தொடுவதற்கு முன்னால் பார்ப்பது. அந்த மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவருக்குச் சமணம் என்றால் என்னவென்று தெரியாமலிருக்கலாம்.

எண்ணம் மட்டும் போதும் என்று யசோதர காவியத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டிருந்த பாடம் இங்கே திணறியது. இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளின் கதை அதை இன்னும் திணற வைக்கிறது. மாடுகளுக்கு வலியும் வீக்கமும் குறைய டைக்லோஃபினாக் ஊசி போட்டார்கள். போட்டவர்கள் இரக்கப்பட்டுத்தான் போட்டார்கள். மாடு செத்தபின் அந்த உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டது. 1990களின் தொடக்கத்துக்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துபோயின. காரணம் 2004-இல் வெளியானது, 2006-இல் அந்த மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் மிஞ்சியவை நீலகிரிச் சரிவில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஒரு கழுகைக்கூட யாரும் வெறுத்துக் கொல்லவில்லை. மாவுக்கோழியை வெட்டியவன் கைக்கு ரத்தம் ஒட்டவில்லை, எண்ணம் கறைபட்டது. மாட்டுக்கு ஊசி போட்டவரின் எண்ணம் தூய்மையானது, வானம் காலியாயிற்று. அறியாமையும் பிரமாதத்தில் சேருமா என்று எங்கள் மடம் இருக்கிற மேல்சித்தாமூரில் ஒரு பெரியவரைக் கேட்டேன். தெரிந்துகொள்ள வழியிருந்தும் தெரிந்துகொள்ளாதது சேரும் என்றார். எனக்கு அது போதுமான விடை. சிறு பறவைகளுக்குப் புரோக்கைன் பெனிசிலின் நஞ்சு என்பது புத்தகத்தில் இருக்கிறது. நாய்க்குப் போட்டு நன்றாக இருந்ததே என்று அதைப் பறவைக்குப் போடுகிறவரின் நல்ல எண்ணத்தை நான் எந்தக் கணக்கில் வைப்பது? ஆகவே இந்த மருந்து பறவைக்குப் பழகியதா, இந்த எடைக்கு அளவு என்ன என்று கேட்டுவிடுவேன். முகம் சுளிக்கிற மருத்துவரிடம் இரண்டாம் முறை போவதில்லை.

அடுத்தது சாப்பாடு. வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் தின்கிற பறவைக்குக் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும், ஓடு கெட்டிப்படாது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததில் முதல் வரியே வேகவைத்த முட்டையை ஓட்டோடு நொறுக்கிக் கொடுக்கவும் என்பதுதான். நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னம்மா?" என்றார். நாங்கள் சமணர் என்றேன். கடல்நுரை என்று நாட்டு மருந்துக்கடையில் விற்கிற கணவாய் ஓடும் ஆகாது, அதுவும் ஓர் உயிரின் எலும்பு. அவர் சலித்துக்கொள்ளவில்லை. முருங்கைக்கீரை, கால்சியம் சிரப், தண்ணீரில் கலக்காமல் அளந்து வாயில் விடுவது என்று வேறு வழி எழுதினார். காலை வெயிலில் மாடியில் வைக்கச் சொன்னார். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் பயன்படாதாம், வைட்டமின் டி உண்டாக்குகிற கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சொட்டு மருந்தில் இருக்கிற டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்து எண்ணெயிலிருந்து எடுப்பது, ஆட்டைக் கொல்வதில்லை என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

எல்லாம் சொல்லிவிட்டு, "இதுல சரியாகலேன்னா முட்டை கொடுத்துத்தான் ஆகணும்மா. விரதம் உங்களுக்கு, அதுக்கில்ல" என்றார்.

இரண்டு நாள் அந்த வார்த்தை என்னோடு இருந்தது. பறவைக்கு நோன்பு கிடையாது என்று எங்கள் சமயம் சொல்வதில்லை. ஐம்பொறியும் மனமும் உள்ள விலங்கும் பறவையும் இல்லறத்தார் நோன்பு வரைக்கும் ஏற முடியும் என்பது சித்தாந்தம். எங்கள் ராமாயணமான விமலசூரியின் பௌமசரியத்தில் சடாயு என்ற கழுகு முனிவர்களைக் கண்டு முற்பிறவி நினைவு வந்து நோன்பு ஏற்கிறது. ஐந்தறிவு உயிர் என்று நாம் ஒதுக்கிவைப்பதைவிட இது பெரிய மரியாதை. ஆனால் சடாயு தானே ஏற்றது. நீலி ஏற்கவில்லை. அவள் தட்டில் நான் வைப்பது என் நோன்பு, அவளுடையது அன்று. முருங்கையும் வெயிலும் வேலை செய்துவிட்டதால் அந்த முட்டைக்கு நான் பதில் சொல்ல வேண்டியிராமல் போயிற்று. போயிற்றே என்று ஆறுதல்படவும் முடியவில்லை, இன்னொரு பருவம் வரும்.

அகிம்சை நோன்புக்கு வரும் ஐந்து குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் அடுக்குகிறது: கட்டிவைப்பது, அடிப்பது, உறுப்பை வெட்டுவது, அளவுக்கு மீறிச் சுமையேற்றுவது, உணவும் நீரும் கொடாமல் தடுப்பது. மாட்டை மனத்தில் வைத்துச் சொன்னதுபோலத் தோன்றும். கூண்டின் முன் நின்று படித்தால் முதல் குற்றமே என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நீலி ஒரு முறை மின்விசிறிக்கு அருகே பறந்துபோனபோது கொழுந்தனார் இறக்கையை நறுக்கிவிடச் சொன்னார். மருத்துவரிடம் கேட்டேன். "நறுக்கலாம், மறுபடி முளைக்கும். ஆனா ஏன்? ஃபேனை நிறுத்துங்க" என்றார். பறக்கிற பறவைக்குத்தான் நெஞ்சுத் தசை இறுகும், முட்டை தள்ளத் தெம்பு வரும் என்றும் சொன்னார். மூன்றாவது குற்றத்திலிருந்து என்னைக் காத்தது ஒரு மருத்துவக் காரணம். இப்போது அவள் பறக்கிற நேரத்தில் வீட்டில் விசிறி ஓடாது, நான்ஸ்டிக் வாணலி அடுப்பில் ஏறாது. அந்தப் பூச்சு அதிகம் சூடானால் எழுகிற புகை பறவையைச் சில நிமிடத்தில் கொன்றுவிடும். பூஜை அறைக் கதவையும் சாத்திவிட்டுத்தான் சாம்பிராணி.

டில்லியில் எங்கள் சமயத்தார் நடத்துகிற பறவை ஆஸ்பத்திரியை வடநாட்டு யாத்திரையின்போது பார்த்திருக்கிறேன். செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரரின் லால் மந்திர் வளாகத்தில் இருக்கிறது, 1929-இல் தொடங்கியது. பட்டத்து நூலில் அறுபட்ட புறாக்கள்தான் அதிகம். காசு வாங்குவதில்லை. புலால் தின்னும் பறவைகளுக்கு மருந்து கட்டி அனுப்பிவிடுவார்கள், உள்ளே தங்கவைப்பதில்லை. பருந்துக்கு இறைச்சி கொடுக்க முடியாது, கொடாமலிருந்தால் ஐந்தாவது குற்றம். அந்த இடத்தில் நின்று யோசித்தவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. குணமான பறவைகளை வானத்தில் விட்டுவிடுகிறார்கள், கூண்டில் வளர்த்தவரிடம் திருப்பித் தருவதில்லை. இதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. மருந்து தானம், அபய தானம் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்கிறார்கள். நோயாளிதான் முதல், எஜமானருக்கு அங்கே உரிமை இல்லை.

ஆனால் நீலியை அங்கே கொண்டுபோக மாட்டேன். அவள் குலம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட வெளியில் கூட்டமாகத் திரிகிற குலம். அந்த நாடு தன் காட்டுப் பறவைகளை வணிகத்துக்கு அனுப்புவதை அறுபது ஆண்டுக்கு மேலாகத் தடுத்துவைத்திருக்கிறது. இங்கே விற்பவையெல்லாம் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாய்ப் பொரித்தவை. எங்கள் வானம் அவளுக்கு அபயம் தராது, காக்கைக்கு இரையாக்கும். மகாவீரர் ஜெயந்தியன்று லவ் பேர்ட்ஸை ஜோடி ஜோடியாக வாங்கிப் பறக்கவிட்டுப் புண்ணியம் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். மறுநாளே கடைக்காரர் புதிய கூண்டு நிரப்புவார். பச்சைக்கிளியாக இருந்தால் வேறு. அது இந்த மண்ணின் பறவை, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைப்பதே குற்றம். அதை வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்கிற மருத்துவர்தான் அந்தக் கிளிக்கு நல்ல மருத்துவர். நீலிக்கு அந்த வழியும் இல்லை. அவளைக் கட்டிவைத்த குற்றத்தை, கூண்டை அகலமாக்கி, கதவைத் திறந்துவைத்து, மெல்ல மெல்லக் கழிக்கத்தான் முடியும். கழிகிறதா என்று கேட்டால் அதற்குச் சொல்ல என்னிடம் ஏட்டுச் சான்று இல்லை.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வியைப் பலரும் கேட்பதில்லை: காப்பாற்ற முடியாது என்று ஆனபின் என்ன செய்வீர்கள்?

1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று மீளமுடியாத நோயில் துடித்துக்கொண்டிருந்தது. காந்தியடிகள் மருத்துவரை அழைத்து விஷ ஊசி போடச் செய்தார். அதை அவரே எழுதி வெளியிட்டார். வசைக் கடிதங்கள் குவிந்தன, எழுதியவர்களில் சமணர்கள் நிறைய. நான் அன்று இருந்திருந்தால் நானும் ஒரு கார்டு போட்டிருப்பேன். துடிக்கிற உயிர் தன் வினையை அனுபவித்துக்கொண்டிருக்கிறது, அதை நடுவில் வெட்டினால் பாக்கி தீராது, இன்னொரு பிறவிக்குப் போகும் என்பது எங்கள் நம்பிக்கை. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: துடிப்பதைப் பார்க்க முடியாமல் முடிக்கிறோமா, துடிக்கிறவர்க்காக முடிக்கிறோமா? பார்க்க முடியாதது என் வேதனை. என் வேதனைக்கு ஊசியை அவள் உடம்பில் போடுவது எப்படித் தகும்?

காந்தியடிகளுக்கும் இந்தக் கேள்வி தெரியாமலில்லை. அவர் தம் பக்கத்தை அஞ்சாமல் சொன்னார். நான் அவரோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

சென்னை மருத்துவரிடம் கேட்டேன். உணவைத் தானே மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று முதலில். எங்களில் முதிர்ந்தவர்கள் வேளை வந்தது என்று உணர்ந்து உணவை ஒவ்வொன்றாகத் துறக்கிற வழக்கம் இருக்கிறது, வடக்கிருத்தல் என்று சங்க காலத்திலிருந்து தமிழ் நாட்டுக்குத் தெரிந்தது. பறவையும் அப்படித் துறக்கலாகாதா? அவர் யோசித்துச் சொன்னார். "அது சாப்பிடலேன்னா நோய்தான் சாப்பிட விடலேன்னு எடுத்துக்குவேன்மா. முதல்ல குழாய் வச்சு இரைப்பையில ஊட்டுவேன். பிடிச்சுப் பாத்தா தெரியும், எதிர்க்குதா, விட்டுடுச்சான்னு. விட்டுடுச்சுன்னா கூப்பிடுவேன்." அப்புறம்? "வாயு மயக்கம் கொடுத்துத் தூங்க வச்சு முடிச்சிடுவேன். உங்களுக்கு ஒப்பாதுன்னு தெரியும். வலி தெரியாம மருந்து கொடுத்துக் கூடவே இருப்பேன். ஆனா அது தாங்கலேன்னு எனக்குப் பட்டா, உங்ககிட்ட கேட்காம இருக்கமாட்டேன். ஒவ்வொரு நாளும் கேட்பேன்."

கொழுந்தனாருக்கு இது பிடிக்கவில்லை. "கொல்ல மாட்டேன்னு சொல்ற டாக்டர் நம்ம ஆளுங்கள்லயே இருக்காங்க அண்ணி. எதுக்கு இவரு?" அவர் சொன்ன மருத்துவரையும் எனக்குத் தெரியும், நல்ல மனிதர், என் நம்பிக்கைதான் அவருக்கும். அதுதான் என் தயக்கம். நீலி துடிக்கிற நாளில் நானும் அவரும் ஒரே பக்கம் நின்று ஒரே பாட்டைச் சொல்லிக்கொண்டிருப்போம், அவள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு பொருளை ஒரு கோணத்திலிருந்து மட்டும் கண்டுவிட்டு அதுவே முழுமை என்று சாதிக்கக் கூடாது என்று அநேகாந்தம் பேசுகிற சமயம் எங்களுடையது. என் கண்ணுக்குப் படாத பக்கத்திலிருந்து பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். என் நோன்பை மதிக்கிறவர், ஆனால் அந்த நோன்பால் நீலிக்கு என்ன ஆகிறது என்று என்னிடம் நாள்தோறும் கேட்கிறவர். கடைசியில் நான் மறுத்துவிடலாம். கேட்கப்பட்டு மறுப்பதும் யாரும் கேட்காமலே இருந்துவிடுவதும் ஒன்றாகா.

அவரிடம் ஒப்புதல் படிவம் ஒன்று இருக்கிறது. அவசரமாகி என்னோடு பேச முடியாமல் போனால் என்னென்ன செய்யலாம் என்று முன்கூட்டியே குறிக்கிற தாள். அறுவைக்கு மயக்கம் கொடுக்கலாமா, ரத்தம் எடுக்கலாமா, கடைசியில் அந்த ஒரு வரி. ரத்தத்துக்கும் மயக்கத்துக்கும் உடனே குறியிட்டேன். அவள் உடம்பில் மொத்தமே 9 மில்லிக்குக் கிட்டத்தில்தான் ரத்தம், ஒரு மில்லி எட்டாமல் வலக்கழுத்து ரத்தக்குழாயில் எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். கடைசி வரியில் பேனா நின்றது. தான் செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்ததற்கு உடன்படுவது மூன்றும் ஒரே வினை என்பது எங்கள் கணக்கு. ஆம் என்று குறித்தால் ஊசி என் கையில் இருப்பதாகவே பொருள். இல்லை என்று குறித்தால் கேளுங்கள் என்று நான் தேடிப்பிடித்த ஆளின் வாயை நானே கட்டியதாகும்.

அந்த வரியை விட்டுவிட்டுத் தாளை நீட்டினேன். அதற்கு என்ன பொருள் கொள்வீர்கள் என்று கேட்டேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. தராசில் நின்ற நீலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கும்மா அது? 97 காட்டுது, போன தடவையைவிட 5 கிராம் ஏறியிருக்கு. சூரியகாந்தி விதையைக் குறைங்க."